ஜெசிக்கு, விருந்துக்கு முன்

உச்சிப்புளி,
மே 27

அன்புள்ள ஜெசி,

நீ கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு வந்து சேர்ந்தது. பாதியை அம்மா அன்றே தன் பங்கென்று எடுத்து வைத்துவிட்டாள். அப்பா நலமாக இருக்கிறார். சாயிராவின் மூத்தவளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருக்கிறார்கள். பெரியபட்டினத்துக்குச் சேர்ந்தே போவோம். நம் விடுதி வார்டன் அக்கா போனில் இன்னும் அதே குரலில்தான் அதட்டுகிறார்கள், அதில் எனக்குப் பெரிய நிம்மதி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை சின்னவன் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்காக, காற்றடைத்துக் குதிக்கிற பெரிய பலூன் கோட்டை ஒன்றை வாடகைக்குப் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டாயாமே? உன் மகள் நேற்றுச் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெசி, அதை வேண்டாம் என்று சொல்லிவிடு. முன்பணம் போனால் போகட்டும்.

உன் வீட்டுக் கொல்லை தென்கடலைப் பார்த்தது. இந்த மாதங்களில் அங்கே காற்று எப்படி அடிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று மிஞ்சினால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்தி வைக்கிற ஊர் இது. இங்கே துணியும் காற்றுமாக நிற்கிற ஒரு பொருளுக்கு மணலில் முளையடித்து, அதற்குள் பிள்ளைகளை ஏற்றுவதா? மணலில் அடித்த முளை எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஆரோக்கியம் அண்ணனைக் கேள். மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் அதில் யாரையும் ஏற்றக் கூடாது என்று பிரிட்டனில் வரம்பு வைத்திருக்கிறார்கள். 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், ஒரு பள்ளியின் ஆண்டு முடிவுக் கொண்டாட்டத்தில் அப்படிப்பட்ட கோட்டை ஒன்றைக் காற்று தூக்கிவிட்டது. ஆறு பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதைப் படித்த நாளிலிருந்து, திருவிழாக்களில் அந்தப் பலூனைப் பார்த்தாலே என் கண் முதலில் கயிற்றைத்தான் தேடுகிறது.

காற்றே இல்லாத நாளிலும் அது உன் விருந்துக்கு ஆகாது. பன்னிரண்டு வயதுப் பையன் குதித்து இறங்கும் இடத்தில் மூன்று வயதுக் குழந்தை எகிறி விழும். அதனால் வயது பார்த்துப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும். ஒரு கூட்டம் உள்ளே குதிக்கும்போது மற்ற இரண்டு கூட்டங்கள் வெயிலில் வரிசையில் நிற்கும். அழுகை அங்கேதான் தொடங்கும். ஒரே வீட்டுப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு நாள் ஒன்றுசேர்கிறார்கள். அந்த நாளிலும் அவர்களைப் பிரித்து நிறுத்த நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அப்பாவின் எண்பதுக்குத் தோப்பில் நடந்த விருந்தைப் பற்றி எழுத வேண்டுமென்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதியே ஆக வேண்டியதாகிவிட்டது. நீ அன்று திருப்பூண்டி கல்யாணத்துக்குப் போய்விட்டாய் என்பதில் எனக்கு இன்னும் கோபம்தான். இரண்டு வயது இனியனில் தொடங்கி ப்ளஸ் ஒன் முடித்த கார்த்திகா வரை இருபதுக்கு மேல் பிள்ளைகள். தம்பி சென்னையிலிருந்தே திட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தான்: ஐந்து வயதுக்குக் கீழே ஒரு கூட்டம், பத்து வரை ஒரு கூட்டம், அதற்கு மேல் ஒரு கூட்டம், ஒவ்வொன்றுக்கும் போட்டி, ஒவ்வொன்றுக்கும் பரிசு, மைக்கில் பேச ஓர் ஆள். நான் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டேன். நாம் வளர்ந்தபோது யார் நம்மை வயது வாரியாகப் பிரித்தார்கள்? கண்ணாமூச்சியில் உன் தங்கை எத்தனை வருடம் ஒப்புக்குச் சப்பாணியாக ஓடினாள்! பிடித்தாலும் அவளுக்கு ஆட்டம் போகாது. ஆனாலும் எல்லோரையும்விட அவள்தான் உயிரைக் கொடுத்து ஓடுவாள். சின்னவர்களுக்கு ஆட்டத்தில் இடம் இருந்தால் போதும், ஜெயிப்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

நான் செய்தது இதுதான். பெரிய பிள்ளைகளைக் காலை ஏழு மணிக்கே தோப்புக்கு வரச் சொன்னேன். ஆளுக்கு ஒரு சின்னக் குழந்தையைப் பொறுப்பாகக் கொடுத்தேன். கூடப் பிறந்தவர்களை ஜோடி சேர்க்கவில்லை. அண்ணன் தங்கை என்றால் வீட்டுச் சண்டை தோப்புக்கும் வந்துவிடும். சித்தி மகளின் பிள்ளை என்றால் பையன் தோளில் தூக்கிக்கொண்டு திரிவான். பிறகு அவர்கள் கையில் உண்மையான வேலையைக் கொடுத்தேன். முருகன் மாமா நுங்குக் குலைகளை இறக்கி வந்திருந்தார். அரிவாள் அவர் கையில் மட்டும்தான். பிள்ளைகள் நுங்கைத் தோண்டித் தின்றுவிட்டு, காலியான இரண்டு நுங்குக் கூந்தலைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பு வைத்துத் தள்ளிக்கொண்டு ஓட வண்டி செய்தார்கள். பனை ஓலையைக் கிழித்து மடித்து, கருவேல முள்ளைக் குத்திக் காற்றாடி செய்தார்கள். ராமநாதபுரத்தில் முள்ளுக்குப் பஞ்சமா! சின்னக் குழந்தைகளுக்கு மாமா ஓலைக் கிலுகிலுப்பை முடைந்து கொடுத்தார். சென்னைப் பிள்ளைகள் போனை எங்கே வைத்தோம் என்று மதியம்தான் தேடினார்கள்.

எதை எழுதாவிட்டாலும் பாலம் விளையாட்டை உனக்கு எழுதியே தீர வேண்டும். அதற்கு முன்பே எல்லோரும் பாம்பனில் புதுப் பாலத்தைப் பார்த்திருந்தார்கள். அதன் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே எழும்புவதைப் பற்றியே பேச்சு. கார்த்திகா இரண்டு தேங்காய்க் கயிறுகளைத் தரையில் போட்டுத் தண்டவாளம் ஆக்கினாள். நடுவில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்தாள். வேட்டியின் நான்கு மூலைகளிலும் நான்கு பெரிய பிள்ளைகள். சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு வரிசை ரயிலாக வரும். குறுக்கே இன்னொரு வரிசை கப்பலாக வரும். கப்பல் கூவினால் வேட்டி மேலே எழும்ப வேண்டும், கப்பல் அடியில் புகுந்து போக வேண்டும், ரயில் அதுவரை நிற்க வேண்டும். இதில் அவள் செய்த ஒரு காரியம்தான் என்னை அசத்தியது. எல்லோரிலும் சின்னதை எஞ்சினாக வைத்தாள். எஞ்சின் போகிற வேகத்தில்தானே பெட்டிகள் போக முடியும்! பதினான்கு வயதுப் பையன்கள் எல்லாம் இனியனின் நடைக்குக் கட்டுப்பட்டு, முதுகை வளைத்துக்கொண்டு, பின்னால் பெட்டிகளாக வந்தார்கள். நடுவழியில் அவன் திடீரென்று வேட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். யாரும் அதட்டவில்லை. "காற்று அதிகம், ரயில் நிறுத்தப்படுகிறது" என்று கார்த்திகா அறிவித்தாள். அவ்வளவு பேரும் காத்திருந்தார்கள், ஜெசி. அவன் எறும்பைப் பார்த்து முடித்து எழுந்த பிறகே ரயில் கிளம்பியது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், பாலம் அப்படித் திறக்கக் கூடாது என்று எழுந்து வந்துவிட்டார். அவருக்குப் பாலம் என்றால் 1914ஆம் ஆண்டுப் பாலம்தான். அது இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் நிமிரும். ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள் என்று நடித்தே காட்டினார். உடனே இன்னொரு வேட்டி வந்தது. பழைய பாலம் ஒன்று, 2025இல் திறந்த புதுப் பாலம் ஒன்று என்று தோப்பில் இரண்டு பாலம். அப்பா பழைய பாலத்துக்கு மேலதிகாரி. எண்பது வயதுக்காரரும் இரண்டு வயதுக் குழந்தையும் ஒரே ஆட்டத்தில் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எந்த ஆளை வாடகைக்குக் கூட்டி வந்தாலும் இது கிடைத்திருக்காது.

வெயில் ஏறியதும் ஓட்டத்தை நிறுத்திவிட்டோம். கொட்டகைக்குள் பாய் விரித்து, மோரும் பானகமும் வைத்து, உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள். அம்மாவின் பல்லாங்குழியில் சென்னைப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகத் தோற்றார்கள். அம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், புளியங்கொட்டை, சோழி, வறுத்த கடலை இவையெல்லாம் சின்னதுகளின் வாய்க்கு எட்டாத பாயில் இருக்கட்டும். வெடித்த பலூன் துண்டும் அப்படியே, தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கஷ்டம். நான் பலூனே வாங்கவில்லை.

பதின்மூன்று வயதுதான் எல்லாவற்றிலும் சிக்கலான வயது. சின்னப் பிள்ளைகளோடு ஆட வெட்கம், பெரியவர்களோடு பேசப் பேச்சில்லை. தம்பி மகன் முகிலன் காலை முழுவதும் கிணற்றடித் தென்னையில் சாய்ந்து நின்றான். பந்தி போட்டதும் அவனை அழைத்து, உப்பும் ஊறுகாயும் இல்லை, சாம்பார் வாளியையே கையில் கொடுத்தேன். தம்பி மனைவி பதறினாள், சட்டை போய்விடும் என்று. போகட்டுமே! மூன்று பந்திக்கும் அவனே பரிமாறினான். "அப்பத்தா, இன்னும் கொஞ்சம்?" என்று வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டே போன அந்தக் குரலில் ஒரு வீட்டுக்காரனின் அதிகாரம் வந்துவிட்டது. உன் அக்கா மகனும் அதே வயதுதானே? அவனுக்கும் ஒரு வாளி எடுத்து வை.

பரிசு எதுவும் கொடுக்கவில்லை. அவரவர் செய்த வண்டியும் காற்றாடியுமே அவரவருக்கு. தம்பி இன்னும் முணுமுணுக்கிறான். நீயும் அதையே சொல்வாய் என்று எனக்குத் தெரியும். விளையாட்டு விழாவில் கிடைத்த எவர்சில்வர் டம்ளரை விடுதியில் யாருக்கும் தொடக் கொடுக்காதவள் அல்லவா நீ!

இப்போது எழுதப்போவதை மட்டும் இரண்டு முறை படி.

தோப்பில் கிணறும் மோட்டார்த் தொட்டியும் இருக்கின்றன. முதல் நாளே கிணற்றுக்குக் கம்பி வலை போட்டு மூடினோம், மரங்களிலிருந்து முற்றல் காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிட்டோம். தொட்டியை மூட வழியில்லை. அதனால் ஒரு சிவப்புத் துண்டு வைத்தேன். துண்டு யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு வேறு வேலை கிடையாது. பேச்சு இல்லை, போன் இல்லை, பந்தி கவனிப்பு இல்லை. தண்ணீரையும் பிள்ளைகளையும் பார்ப்பது மட்டுமே வேலை. அரை மணிக்கு ஒரு முறை துண்டு கை மாறும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்ப்பதில்லை, கூட்டமான வீடுகளில் அப்படித்தான் நேர்கிறது. பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில் இனியன் காற்றாடியைத் துரத்திக்கொண்டு தொட்டியடிக்குப் போய்விட்டான். துண்டு அப்போது சின்ன மாமாவின் கழுத்தில் இருந்தது. அவர் எழுந்து போய்த் தூக்கி வந்தார். பந்தியில் இருந்த யாருக்கும் தெரியவே இல்லை. அன்று இரவு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

தண்ணீரில் மூழ்கும் குழந்தை சத்தம் போடாது. கை கால் அடித்துக் கூப்பிடும் என்று நினைத்துக்கொண்டு நாம் பேசிக்கொண்டிருப்போம். ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள் உலகெங்கும் குழந்தைகள் இறப்பதற்கான முதன்மைக் காரணங்களில் நீரில் மூழ்குவதும் ஒன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உனக்குப் புள்ளிவிவரம் எதற்கு? ஏழாம் வகுப்புக் கோடை விடுமுறையை நீயும் மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. உன் வாசலிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அலை பெரிதாக இருக்கிற பருவம். விருந்து நாளில் வெளியூர்ப் பிள்ளைகள் கடலைப் பார்த்ததும் ஓடும்.

ஒரு நல்ல காலம், மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது. ஆரோக்கியம் அண்ணனும் அவருடைய விசைப்படகு ஆட்களும் கரையில்தான் இருப்பார்கள். கடலில் பிறந்து வளர்ந்த அத்தனை பேர் இருக்கும்போது துண்டை அவர்கள் கழுத்தில் போடு. விருந்துக்கு வந்தவர்கள்தானே என்று கூச்சப்படாதே. அன்று கழுத்தில் துண்டு விழுகிறவர் தண்ணி போட்டிருக்கக் கூடாது என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடு. நீ தயங்கினால் நான் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஓலையும் கயிறும் முருகன் மாமா வண்டியில் வந்துவிடும். நீ செய்ய வேண்டியது: வரப்போகும் பிள்ளைகளின் பெயரும் வயதும் எழுதி வை, ஜோடி சேர்ப்பதை இரவு உட்கார்ந்து இருவரும் செய்வோம். அண்ணனின் வெள்ளை வேட்டி இரண்டு வேண்டும், பழையதாக இருக்கட்டும். வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டுகிற கிளையை அவரே ஒரு முறை தொங்கிப் பார்த்துச் சொல்லட்டும். பலூன்காரரிடம் இன்றே பேசிவிட்டு எனக்குப் போன் செய், எத்தனை மணியானாலும் சரி.

உன்,
மதி