தூரத்துக்கான விலையைச் சேதத்தில் வசூலிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பிதழில் வந்த கணினி விளையாட்டுக் கட்டுரை, ‘மெக்வாரியர் ஆன்லைன்’ போன்ற ராட்சத எந்திரப் போர் விளையாட்டுகளில் தொலைவிலிருந்து சுடுபவர் கையே ஓங்கியிருக்கிறது என்கிறது. அது உண்மை. அந்த ஆயுதங்களின் சேத எண்ணை, அதாவது ஒரு குண்டு எதிரியின் கவசத்தில் குறைக்கும் புள்ளிகளை, குறைத்தால் சரியாகிவிடும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்த எண்களெல்லாம் 1980-களில் ஃபாசா நிறுவனம் வெளியிட்ட ‘பேட்டில்டெக்’ பலகை விளையாட்டிலிருந்து வந்தவை. அங்கே ஒரு கட்டம் 30 மீட்டர். ஆட்டோகேனன்-20 என்ற பீரங்கிக்கு எடை 14 டன், சேதம் 20, எட்டும் தூரம் 9 கட்டம். காந்தவிசையால் குண்டைச் செலுத்தும் காஸ் ரைஃபிளுக்கு 15 டன், சேதம் 15, தூரம் 22 கட்டம். ஒரு டன் கூடுதலுக்கும் 5 சேதம் குறைவுக்கும் இரண்டு மடங்குக்கு மேல் தூரம் கிடைக்கிறது. பலகையில் இது பொருந்தியதற்குக் காரணம், குண்டு பட்டதா என்பதை இரண்டு பகடைகள் தீர்மானித்ததே. சராசரி வீரர் அசையாமல் நின்று, அசையாத இலக்கைச் சுட்டால், அருகில் 36-க்கு 33 முறை படும், நடுத்தூரத்தில் 26, கடைசித் தூரத்தில் 15 மட்டுமே. பட்டது கையிலா காலிலா மார்பிலா என்பதையும் பகடையே சொல்லும்.

கணினியில் மவுஸ் வந்ததும், தூரத்துக்கேற்ற தவறலும் பட்ட இடத்தின் சிதறலும் இரண்டும் போயின. ஒன்றாகச் சுட்ட இரண்டு காஸ் குண்டுகளும் 660 மீட்டர் (22 கட்டம்) தொலைவில் ஒரே மார்பில், ஒரே புள்ளியில் இறங்குகின்றன. மெக்வாரியர் ஆன்லைனில் கவசத்தை இரட்டிப்பாக்கிப் பார்த்தார்கள். சாவு எல்லோருக்கும் ஒரே அளவில் தாமதமானதே தவிர, சிதறல் திரும்பி வரவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 64.8 கி.மீ. ஓடும் மெக் (இந்த ராட்சத எந்திரத்தின் பெயர்) வினாடிக்கு 18 மீட்டர் நகரும். 660 மீட்டரிலிருந்து, ஆட்டோகேனன்-20 எட்டும் 270 மீட்டருக்குள் வர அதற்கு ஏறக்குறைய 22 வினாடி வேண்டும். காஸ் ரைஃபிள் 5.75 வினாடிக்கு ஒரு முறை சுடுவதாக வைத்துக்கொண்டால், அதற்குள் 4 குண்டு, 60 சேதம். 50 டன் மெக்கின் நடுமார்பில், முன்னும் பின்னும் சேர்த்து, இரட்டிப்பான கவசமே 64-தான். ஓடி வந்தவர் முதல் குண்டைச் சுடும் முன்பே மார்பு திறந்துவிடுகிறது.

இப்போது 15-ஐ 10 ஆக்குங்கள். 15 டன் எடைக்கு 10 சேதம் என்றால் நெருங்கிய சண்டைக்கு அதை யாரும் எடுக்க மாட்டார்கள். ஆனால் 600 மீட்டரில், ஆட்டோகேனன்-20 ஏந்திய எதிரியால் பதிலுக்குச் சுடவே முடியாது. அங்கே அந்த 10-ம் இலவசம்தான். ஆயுதம் எங்கே தேவையோ அங்கே செத்து, எங்கே தொல்லையோ அங்கே பிழைத்துக்கொள்கிறது.

தூரத்துக்கான விலையை நேரத்தில் வாங்க வேண்டும். மெக்வாரியர் ஆன்லைனில் வேலை செய்த மாற்றங்கள் இந்த வகைதான். காஸ் ரைஃபிளைச் சுடும் முன் முக்கால் வினாடி சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றார்கள். பாறைக்குப் பின்னிருந்து எட்டிப் பார்த்த கணத்திலேயே சுடுவது நின்றது. லேசர் முழுச் சேதம் தர ஒரே இடத்தில் பிடித்து எரிக்க வேண்டும். கை நடுங்கினால் சேதம் சிதறும். இதைத்தான் பகடையின் நேர்மையான வாரிசு என்பேன். குண்டின் வேகமும் அப்படியே: வினாடிக்கு 650 மீட்டர் போகும் குண்டு 400 மீட்டரைக் கடப்பதற்குள் மேற்சொன்ன மெக் 11 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஒரே வகை ஆயுதங்களைச் சேர்த்துச் சுட்டால் கூடுதல் வெப்பம் என்ற 2013-ஆம் ஆண்டு விதியும் பயன்பட்டது. ஆனால் அதன் கணக்கு திரையில் தெரியாததால் புதியவர்கள் காரணம் புரியாமலே சூடேறி முடங்கினார்கள். தண்டனை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கட்டுரை தொடாத இன்னொன்று மேப், அதாவது சண்டை நடக்கும் களம். மேற்சொன்ன வேகத்தில் 5.75 வினாடியில் ஓடும் தூரம் சுமார் 103 மீட்டர். மறைவிடங்களை 100 மீட்டருக்குள் வைத்தால், ஒரு மறைவிலிருந்து அடுத்ததற்கு ஓடுபவர் வாங்குவது பெரும்பாலும் ஒரு குண்டுதான். இடைவெளி 200 மீட்டரானால் இரண்டாவது குண்டும் விழும். எந்த ஆயுதத்தின் எண்ணையும் தொடாமலே சமநிலை மாறிவிடும்.

ஆகவே, இத்துறையில் இறங்கும் மாணவர்கள் முதலில் திறந்தவெளி மேப்பில் மெக்கை 90 மீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி, அந்தத் தூரத்தில் உண்மையில் பட்ட சேதத்தைக் குறிக்கட்டும். பிறகு அதையே மறைவிடமுள்ள மேப்பில் செய்யட்டும். இரண்டாவதில் மட்டும் சரியாக இருந்தால் ஆயுதத்தை விட்டுவிட்டுத் திறந்தவெளி மேப்பைத் திருத்த வேண்டும். ஒரு சோதனைக்கு ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டும். சார்ஜ் நேரத்தையும் வெப்பத்தையும் ஒன்றாகக் கூட்டினால் எது பலித்தது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
விளையாட்டு வடிவமைப்பாளர் ஒருவர்,
சென்னை.