வரலாற்று மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டுக் கூட்டங்களில் இராபர்ட் கால்டுவெல்லை எடுத்துக்கொண்டோம். அவருடைய மொழிநூல் பணி பலமுறை பேசப்பட்டது. அவர் வகித்த பதவிதான் சரியாகப் பேசப்படவில்லை. விழா மலர்களிலும் பேனர்களிலும் 'திருநெல்வேலி அத்தியட்சர்' (பிஷப்) என்றே அச்சாகிறது. அப்படியொரு பதவி அவர் காலத்தில் கிடையாது.

1814-இல் அயர்லாந்தில் பிறந்து கிளாஸ்கோவில் படித்த அவர், 1838-இல் இலண்டன் மிஷன் ஊழியராகச் சென்னையில் இறங்கினார். அது ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சங்கமல்ல. 1841-இல் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்துக்கு மாறி, அம்முறைப்படி குருப்பட்டம் பெற்ற பிறகே திருநெல்வேலி ஜில்லாவின் இடையன்குடிக்கு வந்தார்.

1877 மார்ச் 11 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவருக்கும் எட்வர்ட் சார்ஜண்டுக்கும் ஒன்றாக அத்தியட்சர் அபிஷேகம் நடந்தது. இருவரும் சென்னை அத்தியட்சர் கெல்லுக்கு உதவி அத்தியட்சர்கள். ஒரே ஜில்லாவுக்கு ஏன் இருவர்? எஸ்.பி.ஜி. சபைகளுக்குக் கால்டுவெல், இன்னொரு ஆங்கிலிக்கன் சங்கமான சி.எம்.எஸ். சபைகளுக்குச் சார்ஜண்ட் என்று சங்கவாரியாகப் பிரித்திருந்தார்கள். திடப்படுத்தல் ஆராதனை நடத்தலாம், குருப்பட்டம் கொடுக்கலாம். ஆனால் அதிகாரம் சென்னையிலிருந்து வந்தது. தனி அத்தியட்சாதீனமும் (அத்தியட்சரின் ஆளுகைப் பகுதி) பேராலயமும் இல்லை.

சார்ஜண்ட் 1889-இல் காலமானார். கால்டுவெல் 1891 ஜனவரியில் விலகி, ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் மறைந்தார், அடக்கம் இடையன்குடியில். திருநெல்வேலி–மதுரை அத்தியட்சாதீனம் 1896-இல்தான் சென்னையிலிருந்து பிரிந்தது. முதல் அத்தியட்சர் சாமுவேல் மோர்லி.

இந்தச் சங்கப் பிரிவினை தெரியாமல் ஆவணம் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். எஸ்.பி.ஜி. தாள்கள் ஆக்ஸ்போர்டில், சி.எம்.எஸ். தாள்கள் பர்மிங்காமில் உள்ளன. உங்கள் ஊர்ச் சபை எந்தச் சங்கத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களே வேறு வேறு சங்கமாக இருக்கும்.

இன்னொன்று. அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தின் 1856, 1875 பதிப்புகள் இரண்டும் அபிஷேகத்துக்கு முந்தியவை. முகப்பில் 'ரெவரெண்ட்' என்றுதான் போட்டிருக்கிறது. அத்தியட்சராக இருந்து வெளியிட்டது 1881-இல் வந்த திருநெல்வேலிச் சரித்திரம். 'பிஷப் எழுதிய ஒப்பிலக்கணம்' என்று மேடையில் சொல்வது பழகிவிட்டது, எழுத்திலாவது தவிர்க்கலாம்.

மன்றம் வைக்கவிருக்கும் தகவல் பலகையில் 'சென்னை அத்தியட்சரின் உதவி அத்தியட்சர், 1877–1891' என்று எழுதப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்