மே மாதம் வேண்டாம், புரட்டாசியில் வாருங்கள்

தார் எஸ் சலாம், தான்சானியா

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் இங்கே நலம். ஆச்சி, அக்கா, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் நலமா? ஆச்சிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறதா?

நீங்கள் எல்லாரும் இங்கே வருவதைப் பற்றிப் போனில் பேசும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு மாதத்தைச் சொல்கிறீர்கள். அக்கா மே மாதம் என்கிறாள், அம்மா பொங்கல் கழித்து என்கிறார்கள், அத்தான் டிசம்பர் என்கிறார். பேசி முடிப்பதற்குள் சின்னவள் போனைப் பிடுங்கிவிடுகிறாள். அதனால் இந்த ஊர் மழையையும் வெயிலையும் காற்றையும் பற்றி எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறேன். நிதானமாக வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்: புரட்டாசியில், பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையை ஒட்டி வாருங்கள்.

மே மாதம் வேண்டாம் என்பதற்குக் காரணம் மசிகா. இங்கே பெருமழைக்கு அதுதான் பெயர். மார்ச் பாதியில் தொடங்கி மே கடைசி வரை போகும். வருடம் முழுவதும் இந்த ஊரில் பெய்வது 1,100 மில்லிமீட்டர் போல. அதில் ஏறக்குறைய கால் பங்கு ஏப்ரல் ஒரே மாதத்தில் கொட்டிவிடும். நம் ஊரில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும் நாளில் இங்கே துணி காய்வதில்லை. செருப்பிலும் தோல் பையிலும் பூஞ்சை பூத்துவிடுகிறது.

மழையைப் பார்க்க எனக்குப் பிடிக்கும், அப்பா. ஆனால் அது இந்த ஊரை என்ன செய்கிறது என்று பார்த்தபின், அந்த நாட்களில் யாரையும் வரச் சொல்ல மனம் வருவதில்லை. ஊருக்கு நடுவே ம்சிம்பாசி என்று ஓர் ஆறு ஓடுகிறது. வெயில் காலத்தில் சிற்றோடை போல இருக்கும். மசிகாவில் அது கரை மீறி ஜங்வானி என்ற பள்ளத்தை மூடிவிடும். மொரோகோரோ சாலை அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போகிறது. தண்ணீர் ஏறியதும் சாலையை அடைத்துவிடுவார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்த மாதிரி ஆகிவிடும். இப்போது அங்கே உயரமாகப் பாலம் கட்டும் வேலை நடக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா அந்த ஆற்றங்கரைப் பக்கம் கிகோகோவில் குடியிருக்கிறார். போன மசிகாவில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு வந்தார். செருப்பு கையில், முழங்கால் வரை சேறு. தலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, மேலே இங்கே பெண்கள் உடுத்தும் கங்கா துணி ஒன்றைப் போட்டு மூடியிருந்தது. ராத்திரி தண்ணீர் வாசலுக்கு வந்ததும் மாவு மூட்டையை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, பிள்ளைகளை மேஜை மேல் உட்கார வைத்தாராம். சொல்லி முடித்துவிட்டு, காய வைக்க இடம் கேட்டார். எங்கள் ஸ்டோர் ரூமில் கயிறு கட்டி அந்தச் சீருடைகளை விரித்துப் போட்டோம். அன்று முழுவதும் எனக்குக் கணக்கு ஓடவில்லை.

அத்தான் சொல்லும் டிசம்பரும் நிச்சயமில்லாத மாதம்தான். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வூலி என்கிற சிறுமழை. பெயர்தான் சிறுமழை, ஒரு வருடம் ஏமாற்றிவிட்டுப் போகும், இன்னொரு வருடம் ஒரே நாளில் பெய்து தீர்க்கும். 2021-இல் வூலி தவறியதால் ரூவு ஆறு வற்றி, நகரத்துக்கே முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். 2011 டிசம்பர் 20-ஆம் தேதி தொடங்கிய மழையில் ஊரே மூழ்கி, நாற்பது பேர் வரை இறந்துபோனார்கள். பள்ளத்தில் இருந்த குடும்பங்கள் பலவற்றை அதற்குப் பிறகுதான் ஊருக்கு வெளியே குடியேற்றினார்கள். ஆனால் டிசம்பரில் ஓர் அழகு உண்டு: தெருவெல்லாம் மயில்கொன்றை சிவப்பாகப் பூத்துக் கிடக்கும். மாம்பழமும் அப்போதுதான். பிள்ளைகளுக்கு மாம்பழம் கிடைக்காதே என்பது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

பொங்கல் கழித்து வருவது அம்மாவுக்கு ஆகாது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே, இந்த ஊர் ஏழு டிகிரி தெற்கே. தை, மாசிதான் இங்கே கோடை. வெப்பம் 32, 33 டிகிரிதான். எண்ணைப் பார்த்தால் நம் ஊர் வெயிலுக்குக் குறைவு என்று தோன்றும். ஆனால் கடல் ஈரம் சேர்ந்து ராத்திரியும் 25-க்குக் கீழே இறங்காது. குளித்துவிட்டுத் துடைப்பதற்குள் வேர்த்துவிடும். அம்மாவுக்கு வேர்க்குரு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா!

இனி அப்பாவுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: காற்று. இங்கே மீன்பிடிக்கிறவர்கள் வருடத்தை மாதக் கணக்கில் சொல்வதில்லை, காற்றை வைத்துத்தான் சொல்கிறார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து அடிப்பது கஸ்காஸி. நம் வாடைக்காற்று நம்மைக் கடந்து இறங்கி வருகிறதே, அதுதான். மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து அடிப்பது குசி. பாய்மரக் கப்பல்காரர்கள் பல நூறு வருடமாக கஸ்காஸியில் அரபு நாட்டிலிருந்தும் குஜராத்திலிருந்தும் இறங்கி வந்து, குசியில் திரும்பிப் போயிருக்கிறார்கள். மழை இரண்டு முறை வருவதும் இதனால்தான். சூரியன் தெற்கே போகும்போது மேகக் கூட்டம் ஒரு முறை இந்த ஊரைத் தாண்டுகிறது, வடக்கே திரும்பும்போது இன்னொரு முறை.

இந்தக் குசி இந்தக் கரையை ஒட்டி வடக்கே ஏறி, பூமத்திய ரேகையைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பி, அரபிக்கடலைக் கடந்து தென்மேற்குப் பருவக்காற்றாக நம் மலையில் மோதுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிக்குள் வந்து குற்றாலத்தில் சாரலாக விழுகிறதே, அந்தக் காற்றுதான். ஜூன் மாதம் சாயங்காலம் கோகோ பீச்சில் நின்றால் முந்தானை நிற்காது. ஆனியில் நீங்கள் தோப்பில் நின்று, "காற்று திரும்பிட்டு" என்று சொல்வீர்களே, அந்த நினைவு வந்துவிடும். அதே காற்று சில நாளில் உங்களிடம் வந்து சேரும் என்று நினைக்கும்போது தூரம் குறைந்த மாதிரி இருக்கிறது.

குசி மாதங்கள்தான் இங்கே சுகமான காலம். ஜூலையில் ராத்திரி 18, 19 டிகிரிக்கு இறங்கும். இந்த ஊர்க்காரர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்கள். மழை மிகக் குறைவு. ஜூலை 7-ஐ ஒட்டி சபசபா என்று பெரிய வணிகக் கண்காட்சி, ஆகஸ்ட் 8-இல் விவசாயிகள் நாள். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையென்றால் அப்போதே வரச் சொல்லியிருப்பேன். ஆனால் காற்று பலமாக இருப்பதால் கடல் அலை தூக்கி அடிக்கும். சான்சிபாருக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம். ஜூலையில் போனால் பாதிப் பேர் பையில் வாந்தி எடுத்துக்கொண்டேதான் வருவார்கள். ஆச்சியை அதில் ஏற்ற முடியாது.

அதனால்தான் செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் வாரமும் என்கிறேன். காற்று தணிந்திருக்கும், வூலி தொடங்கியிருக்காது. பகலில் 30, 31 டிகிரி, ராத்திரி 20-ஐ ஒட்டி. அப்பாவுக்குக் கார் நெல் அறுப்பு முடிந்து, பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவுமுன் உள்ள இடைவெளி. எனக்கும் அதுதான் வசதி. அக்டோபர் பாதியில் முந்திரிக்கொட்டை ஏலம் தொடங்கிவிட்டால் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் விடுப்பு கிடையாது. மத்வாரா, லிண்டி பக்கத்து முந்திரியெல்லாம் ஏலம் போய், கப்பலேறி, அதில் ஒரு பங்கு நம் தூத்துக்குடிக்கே வந்து இறங்குகிறது.

காட்டு விலங்கு பார்க்கவும் அதுதான் சரியான நேரம். மசிகா முடிந்து நாலு மாதம் ஆகியிருக்கும்; புல் காய்ந்து, குட்டைகள் வற்றி, மிச்சமிருக்கும் தண்ணீருக்கு யானையும் வரிக்குதிரையும் எருமையும் வந்துதான் ஆக வேண்டும். மழைக்காலத்தில் வந்தால் ஆள் உயரப் புல்லுக்குள் எதுவும் தெரியாது. செரெங்கெட்டி தூரம், செலவும் கட்டுப்படியாகாது. பக்கத்தில் இருக்கும் மிக்குமி வனவிலங்குப் பூங்கா போதும். 2024-இலிருந்து மொரோகோரோவுக்குப் புது மின்சார ரயில் ஓடுகிறது, இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து கார். நெடுஞ்சாலையே காட்டுக்குள் ஐம்பது கிலோமீட்டர் போகிறது; லாரியில் போகிறவர்களுக்கும் ஒட்டகச்சிவிங்கி தெரியும். பெரியவன் அதைப் பார்க்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு.

சான்சிபாரில் இரண்டு நாள் போதும். கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் எல்லாம் மரத்திலேயே பார்க்கலாம். வெளிநாட்டுக்காரர்கள் அந்தத் தீவுக்குள் போகக் காப்பீடு எடுக்க வேண்டும், அதை நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன். ஊருக்குப் பக்கத்திலேயே ம்புத்யா என்று ஒரு சின்னத் தீவும் உண்டு. படகில் கொஞ்ச நேரம்தான். கடல் இங்கே நம் ஊர் மாதிரி இல்லை; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மூன்று மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். காலையில் பார்த்த கடல் மத்தியானம் கண்ணுக்கெட்டாமல் பின்வாங்கி, படகெல்லாம் சாய்ந்து மணலில் கிடக்கும். பிள்ளைகள் அந்த நேரத்தில் நண்டு பிடிக்கலாம்.

அம்மாவுக்குப் புரட்டாசி விரதம் கெடுமோ என்ற கவலை வேண்டாம். குஜராத்திக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள். கிசுட்டுத் தெருவில் வரிசையாகக் கோயில்கள். சந்தையில் முருங்கைக்காய், வெண்டை, பாகல் எல்லாம் உண்டு. கீரை நம் கீரையே. தேங்காய்ப்பால் விட்டு வடிக்கும் சோறு அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும். தெருமுனையில் சைக்கிளில் இளநீர்க் குலையைக் கட்டி வைத்து விற்பார்கள். சீவும் கத்தி ஒரு சாண்தான் இருக்கும். மூன்று வெட்டில் திறந்து, குடித்து முடித்ததும் அந்த மட்டையிலேயே ஒரு சில்லைச் சீவி வழுக்கை எடுக்கக் கரண்டியாகத் தருவார்கள். அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் மீன் சாப்பிட நினைத்தால், துறைமுகப் பக்கம் காலையில் மீன் ஏலம் நடக்கும். கையகலச் சீலா முதல் கணவாய் வரை கிடைக்கும். சமையல் நம் வீட்டில் இல்லை, வெளியில்தான்.

எடுத்து வருவது பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2019 ஜூன் முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. விமானத்தில் வருகிறவர்களும் கொண்டுவரக் கூடாது. அம்மா, வடகம், அப்பளம், மிளகாய்ப்பொடி எல்லாவற்றையும் கேரி பேக்கில் முடிச்சுப் போட்டு வைப்பீர்களே, அது வேண்டாம். துணிப்பை அல்லது டப்பா. எனக்கு மாவடு மட்டும் போதும், நன்றாக மூடி வையுங்கள். மலேரியாவுக்கு மாத்திரை வேண்டும். தென்காசியில் டாக்டரிடம் தான்சானியா போகிறோம் என்று சொல்லி, ஆச்சியின் பிரஷர் மருந்தையும் காட்டிக் கேளுங்கள். மழை இல்லாத மாதங்களில் கொசு குறைவுதான், வீட்டில் எல்லாக் கட்டிலுக்கும் வலை கட்டியிருக்கிறேன். சாயங்காலம் ஆறரை, ஏழுக்குள் இருட்டிவிடும், வருடம் முழுக்க ஏறக்குறைய இப்படித்தான். ஆகவே ஊர் சுற்றுவதெல்லாம் காலையில் தொடங்கிவிட வேண்டும்.

விசா இணையத்திலேயே போட்டுவிடலாம். பாஸ்போர்ட்டில் வந்து இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது காலம் மிச்சம் இருக்க வேண்டும். அப்பாவுடையதை எடுத்துப் பாருங்கள், முடியப் போகிறது என்று நினைக்கிறேன். சின்னவளுக்கு இன்னும் எடுக்கவே இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாக வருவதுதான் உங்களுக்கு அலைச்சல் குறைவு. அத்தானைப் பள்ளியில் காலாண்டுத் தேர்வு என்றைக்கு முடிகிறது என்று விசாரித்து, கூட நாலு நாள் விடுப்புக் கேட்கச் சொல்லுங்கள். ஜூலை முடிவதற்குள் தேதி தெரிந்தால் நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவேன். ஆச்சிக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்