கியர்பாக்ஸை இறக்கும் முன் அளந்து பாருங்கள்: புல்டோசர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கனரக இயந்திரங்களை வைத்து வேலை நடத்தும் உரிமையாளர்களுக்கும் பராமரிப்பு மேலாளர்களுக்கும் வணக்கம்.

புல்டோசரில் டிரான்ஸ்மிஷன் வெப்ப முள் சிவப்புக்குப் போனதும் உங்களில் பலர் மெக்கானிக்கிடம் கேட்கும் முதல் கேள்வி, "கியர்பாக்ஸ் இறக்க எத்தனை நாள் ஆகும்?" என்பதுதான். இறக்கி, கிளட்ச் பிளேட் எல்லாம் மாற்றி, திரும்ப ஏற்றி ஓட்டினால் முள் மறுபடி அதே சிவப்பில் போய் நிற்கும் வண்டிகள் எத்தனையோ. பணமும் போய், மெக்கானிக்கின் பெயரும் கெட்டு, நோய் மட்டும் அப்படியே இருக்கும். அதனால்தான் இந்த மடல்.

இஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் சூடு பெரும்பாலும் கியரில் பிறப்பதில்லை, கன்வர்ட்டரில் பிறக்கிறது. இஞ்சினோடு சுற்றும் இம்பெல்லர் எண்ணெயை வீச, அந்த வேகத்தில் டர்பைன் சுற்றுகிறது. டர்பைன் எவ்வளவு பின்தங்குகிறதோ அவ்வளவுக்குச் சூடு கூடும். பிளேடு மண்ணில் முட்டி, டிராக் நகராமல், இஞ்சின் மட்டும் முழங்கும்போது வெளியே போகும் சக்தி பூஜ்யம். அந்த நேரத்தில் இஞ்சின் 200 கிலோவாட் கொடுத்தால் அத்தனையும் எண்ணெயில்தான் இறங்கும். ஆயிரம் வாட் வாட்டர் ஹீட்டர் இருநூறை ஒரே தொட்டியில் போட்டதற்குச் சமம் அது.

ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன் ஆபரேட்டரிடம் பேசுங்கள். எந்த கியரில் தள்ளுகிறார்? பிளேடு நிறைய மண்ணோடு இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தால், முதல் கியருக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டச் சொல்லுங்கள். முள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் வண்டியில் கோளாறு இல்லை. பின்னால் உள்ள கொழுவால் தரையைக் கிழிக்கும் ரிப்பர் வேலைக்கும் இதே கேள்விதான்.

இறங்கவில்லையா? முள் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். சென்சார் கெட்டுப்போய் நல்ல வண்டியைப் பட்டறையில் படுக்க வைப்பதும் நடக்கிறது. கன்வர்ட்டரிலிருந்து எண்ணெய் வெளியேறும் லைனில் வேறொரு தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். இன்ஃப்ராரெட் துப்பாக்கி என்றால், பளபளக்கும் இரும்பில் அது குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை கவலையில்லை. 120ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். துல்லியமான எல்லைக்கு அந்த வண்டியின் கையேடுதான் கணக்கு.

எண்ணெய் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கூடினாலும் சுற்றும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நுரைத்த எண்ணெய் சூட்டைச் சுமக்காது.

அடுத்து கூலர். பல வண்டிகளில் டிரான்ஸ்மிஷன் எண்ணெய் தன் சூட்டை இஞ்சின் கூலன்ட்டுக்குத்தான் கொடுக்கிறது. எண்ணெயும் கூலன்ட்டும் சேர்ந்தே சூடேறினால் ரேடியேட்டரைப் பாருங்கள். வெளிமுகம் சுத்தமாகத் தெரியும், அடுக்குகளுக்கு நடுவே தூசும் சருகும் கம்பளி போல் அடைத்திருக்கும். விசிறிக் காற்று போகும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து ஊதினால்தான் அது வெளியே வரும். கூலன்ட் சாதாரணமாக இருந்து எண்ணெய் மட்டும் கொதித்தால், கூலருக்குள் போகும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் கூலர் சூட்டை வாங்கவில்லை. வித்தியாசம் பெரிதாக இருந்தும் முள் ஏறுகிறதென்றால் எண்ணெய் ஓட்டம் குறைவு, அல்லது எங்கோ அளவுக்கு மீறிச் சூடு பிறக்கிறது.

இங்கேதான் பிரஷர் கேஜ் வேண்டும். எல்லா கியரிலும் எண்ணெய் அழுத்தம் குறைவென்றால் பம்ப், பம்புக்கு முன்னால் எண்ணெயை வடிகட்டும் சக்ஷன் ஸ்ட்ரெய்னர், அழுத்தம் மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வு பக்கம் போக வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் அந்த கியரின் கிளட்ச் சீல் கசிகிறது. பலரும் கோட்டைவிடும் இடம் ஸ்கேவெஞ்ச் பம்ப். கன்வர்ட்டர் ஹவுசிங்கில் சொட்டும் எண்ணெயைத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. அதன் வலை அடைத்தால் ஹவுசிங் நிரம்பி, சுற்றும் பாகம் எண்ணெயைக் கடைந்துகொண்டே கிடக்கும். ஒரு சின்ன வலைக்காக முழு டிரான்ஸ்மிஷனும் பழியேற்கும். சுமையில்லாமல் ஓட்டும்போதே சூடேறினால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இடது, வலது பிரேக் ஹவுசிங்கில் ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்டால் டெஸ்ட் என்பது, பிரேக்கைப் பிடித்து வண்டியை நகரவிடாமல், கியரில் போட்டு இஞ்சினை முழுதாக முடுக்கி அதன் வேகத்தை அளப்பது. அது கையேடு சொன்னபடி, கையேடு சொன்ன நேரம் மட்டும், வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் நில்லாமல் செய்யப்பட வேண்டும். இஞ்சின் வேகம் கையேட்டில் குறிப்பிட்டதைவிடக் கீழே நின்றால் முதலில் இஞ்சின் பலத்தைச் சோதியுங்கள். மேலே போனால் கிளட்ச் வழுக்கலோ கன்வர்ட்டர் கோளாறோ இருக்கலாம்.

ஃபில்டரை அப்படியே குப்பையில் போடாதீர்கள். வெட்டித் திறந்து மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளிப் பொடி தெரிந்தால் காந்தம் காட்டுங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம், கன்வர்ட்டரைச் சந்தேகிக்கலாம். பழுப்பும் கறுப்புமாய் நார்த்துகள் என்றால் கிளட்ச் பிளேட் கரைகிறது. வெண்கல நிறம் புஷ் அல்லது த்ரஸ்ட் வாஷரின் தேய்மானம். இப்படி உள்ளேயிருந்தே சாட்சி வந்த பிறகு கியர்பாக்ஸை இறக்கச் சொல்லுங்கள், நானே வந்து ஜாக்கி போடுகிறேன். இறக்கும்போது கூலரை மறக்காதீர்கள். உடைந்த துகள்கள் அதற்குள் ஒளிந்திருக்கும். நன்றாகக் கழுவாமல், கழுவ முடியாததை மாற்றாமல் ஓட்டினால் அந்தத் துகளே புதுப் பாகங்களை அரித்துவிடும்.

உங்களிடம் கேட்பது பெரிதல்ல. நல்ல பிரஷர் கேஜ் செட் ஒன்று, நம்பத்தக்க தெர்மாமீட்டர் ஒன்று, அந்த வண்டிக்குரிய கையேடு, அளந்து எழுத அரை நாள். கூடவே ஆபரேட்டருக்கு ஓர் உறுதி. முள் சிவப்பைத் தொட்டதும் அவர் பிளேடை இறக்கி, நியூட்ரலில் போட்டு, இஞ்சினை அணைக்காமல் நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு எண்ணெயை ஆற்ற வேண்டும். அந்த நேரத்துக்காக அவர் கூலியில் கைவைக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கனரக இயந்திர மெக்கானிக்