வைத்தியருக்குப் போகும் கடிதம் வீட்டாருக்கும் வரட்டும்

நியூ சவுத் வேல்ஸில் மயக்க மருந்து மரணங்களை ஆராயும் சிறப்புக் குழுவினருக்கு,

வணக்கம். சிட்னியில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாக இருந்தவள் நான். 1960 முதல் நீங்கள் செய்துவரும் வேலையின் அருமை உள்ளே நின்றவர்களுக்குத் தெரியும். அந்த நாளில் 5,500 பேருக்கு மயக்க மருந்து கொடுத்தால் ஒருவர் அதனால் இறந்தார். 1984இல் அது 26,000 பேருக்கு ஒருவர் என்றானது. அதில் உங்கள் பங்கு பெரிது.

வைத்தியர்கள் உங்களுக்கு எழுதித் தரும் அறிக்கைகளுக்கு இரகசியம் ஏன் வேண்டும் என்பதும் எனக்குப் புரியும். சட்டப் பாதுகாப்பு இல்லாததால் 1980 முதல் 1983 வரை உங்கள் வேலையே நின்றுபோனது. எழுதிக் கொடுத்தது நாளைக்கு நீதிமன்றத்தில் வாசிக்கப்படும் என்றால், "மூச்சுக்குழாய்க்குள் போகவேண்டிய குழாய் உணவுக்குழாய்க்குள் போயிருந்தது, நான் பிந்தித்தான் கவனித்தேன்" என்று எந்த வைத்தியர் எழுதுவார்? அந்தத் தாளுக்குப் பூட்டு வேண்டும்தான்.

சரி, வெளியே காத்திருப்பவர்கள்? ஒருநாள் வயதான அம்மா ஒருவர் வராந்தாவில் இருந்தார். கணவரின் மூக்குக்கண்ணாடியும் செருப்பும் ஒரு பொலித்தீன் பைக்குள், மடியில். நான் தமிழ் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன நடந்தது எண்டு எனக்கு ஆர் பிள்ளை சொல்லுவினம்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. மயக்க மருந்தால் வந்த சாவா, சத்திரசிகிச்சையாலா, நோயாலா என்று நீங்கள் வகைப்படுத்திய முடிவு வைத்தியருக்குக் கடிதமாகப் போகும். அந்த அம்மாவுக்கு எதுவும் போகாது. அப்படி ஒரு குழு இருப்பதே அவருக்குத் தெரியாது.

வைத்தியர் எழுதியதைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. பெயரும் வேண்டாம். "ஆய்வு முடிந்தது, இதுதான் எங்கள் முடிவு, இனி இப்படி நடக்காமலிருக்க இன்னதைச் சொல்லியிருக்கிறோம்" என்று அரைப் பக்கம் போதும். தகவல் தந்தவர் சம்மதித்தால் வெளியிட 1982ஆம் ஆண்டுச் சுகாதார நிர்வாகச் சட்டமே இடம் தருகிறது. அப்படியானால் வைத்தியர் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: "முடிவைக் குடும்பத்துக்குத் தெரிவிக்கச் சம்மதமா?" நோயாளியை இழந்த இரவில் உடை மாற்றாமல் சுவரோரம் குந்தியிருந்த வைத்தியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் ஆம் என்றுதான் எழுதுவார்கள்.

கடிதத்தைத் தமிழில் வாசித்துச் சொல்ல ஆள் தேவையென்றால், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி