டிக்கிக் கதவு பீடிங்: பில்லில் ஒன்று, சுருளில் வேறொன்று

அனுப்புநர்: பழைய பேருந்து ஒன்றின் உரிமையாளர், கோயம்புத்தூர்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.
பொருள்: டிக்கிக் கதவுகளுக்கு வாங்கிய ரப்பர் பீடிங்கை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

1986-ல் கரூரில் பாடி கட்டிய லேலண்ட் வைக்கிங் பேருந்துக்காக உங்களிடம் 18 மீட்டர் பீடிங், அதாவது டிக்கிக் கதவைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் பட்டை, வாங்கினேன். 15 மி.மீ. இபிடிஎம் (வெயில், மழை தாங்கும் செயற்கை ரப்பர்) ஸ்பாஞ்ச் குழல், 2 மி.மீ. தகட்டைக் கவ்வும் அடிப்பகுதி என்று பில்லிலேயே இருக்கிறது. வந்த சுருளை வெர்னியர் அளவுகோலில் அளந்தால் குழல் 12 மி.மீ.தான். அதுவும் ஸ்பாஞ்ச் இல்லை, கெட்டியான பொருள்.

மழையில் பக்கவாட்டு டிக்கிகள் மூன்றிலும் பின் டிக்கியிலும் தண்ணீர் இறங்கி, அடியில் போட்ட பிளைவுட் ஊறிப்போனது. இதைச் சொன்னதற்கு "ஃபிட்டிங் சரியில்லை, பியானோ கீல் வழியாக ஒழுகும், சிலிகான் பூசுங்கள்" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். மூன்றுமே தவறு.

கதவின் முழு நீளத்துக்கும் ஓடும் அந்தப் பியானோ கீலை எடுத்துக்கொள்வோம். மேலே கீல் வைத்த கதவில் அந்த வழியாகத் தண்ணீர் வரும் என்பது பழைய வண்டி பார்த்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கீலுக்கு மேல் 20 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் மழைத்தகடும், உள்பக்கம் ரப்பர் பட்டையும் முன்பே இருக்கின்றன. ஹோஸை அடிச்சட்டத்தில் தொடங்கி, பக்கங்களுக்குக் கொண்டுபோய், கடைசியாகக் கீலின் மேல் பிடித்துப் பார்த்தாயிற்று. மேலிருந்து ஆரம்பித்தால் வழியும் நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், ஒழுகல் எங்கே என்று தெரியாது. கீலின் மேல் பிடித்தபோது உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஒழுகியது கீழ் மூலைகள் இரண்டில் மட்டும்.

ஏன் மூலையில்? இந்தக் கதவுகளுக்குக் கீழ் நடுவில் ஒரே ஒரு டி-ஹேண்டில் பூட்டுதான். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே களிமண் உருண்டை வைத்து மூடி, நசுங்கிய கனத்தை அளந்தால் பூட்டருகே 9 மி.மீ., மூலையில் 11 மி.மீ. வருகிறது. 15 மி.மீ. ஸ்பாஞ்ச் குழல் பூட்டருகே 40 சதவீதமும் மூலையில் 27 சதவீதமும் நசுங்கி இரண்டையும் அடைத்துவிடும். பழைய பாடிக்கு ஸ்பாஞ்ச் கேட்பதே இந்த ஏற்ற இறக்கத்துக்காகத்தான். உங்கள் 12 மி.மீ. குழல் மூலையில் 1 மி.மீ. மட்டுமே நசுங்குகிறது. நடுவிலோ கெட்டியாக நின்று கதவைத் தள்ளுகிறது, அதனால் மூலை இன்னும் விலகுகிறது. குழலின் மேல் சாக்பீஸ் தேய்த்துக் கதவை மூடித் திறந்தால், கதவில் விழும் வெள்ளைக் கோடு இரு மூலையிலும் ஒரு சாண் நீளம் அறுந்து நிற்கிறது.

பொருள் இபிடிஎம் என்பதும் சந்தேகமே. பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியை அதில் தொட்டுத் தீயில் காட்டினால் சுடர் பச்சையாகிறது. பெரும்பாலும் குளோரின் உள்ள பொருள்தான் அப்படி எரியும். இபிடிஎம்மில் குளோரின் கிடையாது, பிவிசியில் உண்டு. பிவிசி குழல் வெயிலில் இளகி, நசுங்கியபடியே நின்றுவிடும். தார்ச்சாலையில் நிற்கும் வண்டியின் கதவுத் தகடு எவ்வளவு சுடும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பீடிங்கின் இரு முனைகளும் சேரும் ஒட்டைக் கீழே நடுவில் போட்டதையும் குறை சொல்லியிருக்கிறீர்கள். ஒட்டு அங்கேதான் வர வேண்டும். மேலே போட்டால், ஒட்டு விட்ட அன்றே தண்ணீர் நேராகச் சாமான் மேல் இறங்கும்.

சிலிகான் யோசனையை எந்த வாடிக்கையாளருக்கும் சொல்லாதீர்கள். இபிடிஎம்மில் அது சரியாக ஒட்டாது. வினிகர் வாடை அடிக்கும் வகை பெயின்ட் போன இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதோடு, இது தினமும் திறந்து மூடும் கதவு, பூசி அடைத்துவிட முடியாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டீசல் டேங்க் பக்கத்துக் கதவுக்குத் தனியாகக் கேட்ட 4 மீட்டர் நைட்ரைல் (டீசல் தாங்கும் ரப்பர்) பீடிங் அளவு பிசகாமல் வந்தது, அந்த டிக்கி காய்ந்தே இருக்கிறது. டீசல் பட்டால் இபிடிஎம் ஊதிவிடும் என்று எச்சரித்ததும் உங்கள் விற்பனைப் பிரிவினர்தான். ஆகவே தவறு நடந்தது சுருள் எடுத்துக் கொடுத்த இடத்தில் என்றே நினைக்கிறேன்.

பில்லில் உள்ளபடி 15 மி.மீ. ஸ்பாஞ்ச் குழல் 18 மீட்டர் வேண்டும். அதைத் தட்டையாக நசுங்காதபடி பெரிய வட்டமாகச் சுருட்டி அனுப்புங்கள். மூலைகளில் வளைக்கும்போது குழல் மடிந்துவிடாத குறைந்தபட்ச வளைவு அளவையும் எழுத்தில் தெரிவியுங்கள். பொருள் இல்லையென்றால் மீட்டருக்கு 180 ரூபாய் வீதம் 3,240 ரூபாயைத் திருப்பித் தரவும். பீடிங்கைக் கழற்றி மாட்டும் கூலியும் உங்கள் பொறுப்பு. 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

பில் நகலும், வெர்னியர் அளவு தெரியும் படங்களும், வெட்டிய 10 செ.மீ. துண்டு ஒன்றும் இத்துடன் உள்ளன. செம்புக் கம்பிச் சோதனையை அந்தத் துண்டிலேயே நீங்கள் செய்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்