ஹர்லியின் துருவப் படங்களைக் காட்சிக்கு வைப்போருக்கும் அச்சிடுவோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

பிலிம் காலத்தில் ஸ்டுடியோவில் நெகட்டிவ் டச்சப் செய்து பிழைத்தவன் நான். முகத் தழும்பைப் பென்சில் முனையால் மறைப்பேன். வேண்டாததைப் பிளேடால் சுரண்டுவேன். பூச்சு போன இடம் பிரிண்டில் கறுப்பாக விழும். அந்தப் பழக்கத்தோடுதான், துருவப் பயணங்களுக்குப் போன புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லியின் அண்டார்டிகா படங்களைப் பார்க்கிறேன்.

அண்டார்டிகா பயணத் தலைவர் ஷாக்கிள்டனின் கப்பல் 'எண்டூரன்ஸ்' 1915 ஜனவரியில் அங்குள்ள வெட்டெல் கடலின் பனியில் சிக்கியது. ஆகஸ்ட் 27 இரவு, ஏறத்தாழ 20 ஃபிளாஷ்களைக் கொளுத்தி அந்தக் கப்பலை வெள்ளெலும்புக்கூடு போல எடுத்தார் ஹர்லி. கண் கூசிப்போய்ப் பனிமேடுகளில் தடுக்கி விழுந்தபடி திரும்பினார். அக்டோபரில் பனி கப்பலை நொறுக்கியது. நவம்பர் தொடக்கத்தில், மேலாடையைக் கழற்றிவிட்டு உறைபனி நீரில் இறங்கி நெகட்டிவ் பெட்டிகளை மீட்டார். பிறகு நவம்பர் 9 அன்று ஷாக்கிள்டனோடு பனிமேல் உட்கார்ந்து, சுமையைக் குறைக்க, சுமார் 120 கண்ணாடி நெகட்டிவ் தகடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 400ஐ உடைத்தார். மனம் மாறி எடுக்க வந்துவிடக் கூடாதே என்றுதான் உடைத்தது. ஒரு தகடு கை தவறினாலே அன்று முழுக்கச் சோறு இறங்காது எனக்கு.

அதன்பின் அவரிடம் மிஞ்சியது ஒரு சிறிய கோடாக் கேமராவும் மூன்று பிலிம் சுருள்களும். அதில் எடுத்த ஒரு படத்துக்காகத்தான் இந்த மடல். 1916 ஏப்ரல் 24: கப்பலை இழந்தவர்கள் படகுகளில் போய்ச் சேர்ந்த யானைத் தீவின் கரையிலிருந்து 'ஜேம்ஸ் கேர்ட்' படகில் ஆறு பேர் உதவி தேடிப் புறப்படுகிறார்கள். 22 பேர் தீவிலேயே தங்குகிறார்கள். பின்னாளில் அந்த நெகட்டிவில் 'ஜேம்ஸ் கேர்ட்' சுரண்டி எடுக்கப்பட்டது. அதே படம், ஆகஸ்ட் 30 அன்று வந்த மீட்பின் படமாக உலவத் தொடங்கியது.

ஹர்லியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் எழுதவில்லை. மேகத்தை ஒட்டுவதும் இரண்டு நெகட்டிவை ஒன்றாக்குவதும் அந்நாளைய தொழிலில் சகஜம். ஆனால் இந்தப் படத்தில் போனது மேகமல்ல. கரையில் கையசைப்பவர்களுக்கு, போகிற படகு திரும்புமா, தங்களைத் தேடி யாராவது வருவார்களா என்பது தெரியாது. 'மீட்பு' என்று தலைப்பிட்டால் அந்தக் கலக்கம் மகிழ்ச்சியாகிவிடுகிறது. அவர்கள் காத்திருந்த நான்கு மாதமும் சேர்ந்து அழிகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாற்றிய படத்தை எடுத்துவிடாதீர்கள். மாற்றாத படத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். குறிப்பில் 'புறப்பாடு, 1916 ஏப்ரல் 24' என்று எழுதி, சுரண்டிய சேதியையும் அங்கேயே சொல்லுங்கள். ஒட்டுப்படங்கள் எல்லாவற்றுக்கும் இதையே செய்யுங்கள். முடிந்தால் அந்த நெகட்டிவின் பெரிதாக்கிய நகலை, பின்னாலிருந்து விளக்கு போட்டு, பார்ப்பவரின் கண்மட்டத்தில் வையுங்கள். சுரண்டிய கீறல்கள் ஒவ்வொன்றும் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய டச்சப்காரன்